மேகத்தை உடைக்காமல் எண்ணுவது எப்படி?

2018, 2019 பருவமழைக் காலங்களில் மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூரைச் சுற்றி இரண்டு சிறு விமானங்கள் மேகங்களைத் தேடிப் பறந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி அது. வானம் கறுக்கும், மழையோ பல நாள் பெய்யாமலேயே கலைந்துபோகும். ஒரு விமானம் மேகத்தின் அடிப்பகுதியில் கால்சியம் குளோரைடு கலந்த உப்புப் புகையைத் தூவியது. மற்றொன்றின் வேலை வேறு. மேகத்துக்குள்ளேயே புகுந்து, அங்கே மிதக்கும் துளிகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று அளப்பதுதான் அதன் வேலை.

மழை வந்ததா இல்லையா என்பதைத் தரையில் நின்றே பார்த்துவிடலாமே, இதற்கு எதற்கு இன்னொரு விமானம்? காரணம் இருக்கிறது. உப்பு தூவாமலே கூட அந்த மேகம் பொழிந்திருக்கலாம். உப்பு உண்மையிலேயே ஏதாவது செய்ததா என்று அறிய வேண்டுமானால், துளிகள் வளர்ந்த விதத்தை மேகத்தின் உள்ளிருந்தே பார்த்தாக வேண்டும். ரேடாரும் செயற்கைக்கோளும் மேகத்தை வெளியிலிருந்து படம் பிடிக்கின்றன. அந்தப் படத்தைத் துளிகளின் கணக்காக மாற்றும் சூத்திரங்கள் சரியா என்று சோதிக்கவும், கடைசியில் யாராவது உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் இடிமேகத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். ஆராய்ச்சி விமானத்தின் விமானிக்கோ அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம்.

பத்து லட்சம் துளிகள், ஒரு மழைத்துளி

மேகம் என்பது நீராவி அல்ல; நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது, காற்றில் உள்ள தூசு, உப்பு, புகைத் துகள்களின் மேல் நீராவி படிந்து உருவான நுண்துளிகளை. அவற்றின் விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். தரையில் விழும் நடுத்தர மழைத்துளி சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது, 20 மைக்ரான் துளிகள் பத்து லட்சம் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

ஒரு கன மீட்டர் மேகத்தில் இருக்கும் தண்ணீர் அரை கிராம் அளவுதான். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள மேகத்தைக் கணக்கிட்டால் அதுவே 500 டன் ஆகிவிடும். இத்தனை தண்ணீர் தலைக்கு மேல் நிற்கையில் ஒரு சொட்டும் விழாமல் போவது ஏன்? விடை துளிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. சுத்தமான கடற்காற்றில் உருவாகும் மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு துளிகள் அளவில் இருக்கும். மாசு மிகுந்த நிலப்பகுதியில் அது பல நூறு, சில வேளை ஆயிரத்தையும் தொடும். இருக்கும் தண்ணீரை நிறைய துகள்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொரு துளியும் சிறுத்துவிடும். சிறிய துளிகள் ஒன்றையொன்று மோதிச் சேர்வது கடினம். சேராமல் மழை இல்லை.

மேல்மட்டத்தில் கதை இன்னும் சிக்கலானது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனவுடன் மேகத்துளி உறைந்துவிடுவதில்லை. உறைவதற்கு ஏற்ற துகள் கிடைக்காவிட்டால் மைனஸ் 38 டிகிரி செல்சியஸ் வரைகூட அது நீராகவே நீடிக்கும். ஆகவே ஒரே மேகத்தில் குளிர்ந்த நீர்த்துளியும் பனிப்படிகமும் பக்கத்துப் பக்கத்தில் மிதக்கலாம். எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே மழை, ஆலங்கட்டி, மின்னல் எல்லாம்.

கண்ணாடித் தகட்டிலிருந்து லேசர் வரை

1940களில் ஜெர்மனியின் ஹெல்முட் வைக்மன் விமானத்தில் ஏறிச் சென்று உயர்மேகங்களின் பனிப்படிகங்களைப் பிடித்து ஆராய்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வேலை பார்த்த வின்சென்ட் ஷேஃபர் ஓர் அழகான உத்தியைக் கண்டுபிடித்தார். ஃபார்ம்வார் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்த திரவத்தைத் தகட்டில் பூசிப் பனிப்படிகத்தை அதில் விழச் செய்தார். திரவம் ஆவியாகிப் பிளாஸ்டிக் இறுகியதும், படிகத்தின் நீரும் ஆவியாக வெளியேறிவிடும். படிகம் போய்விட்டாலும் அதன் அச்சு மட்டும் அப்படியே தங்கும். இதே ஷேஃபர்தான் 1946 நவம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் வானில் ஒரு மேகத்தின் மேல் உலர்பனியைத் தூவி, அதைப் பனித்துகள்களாக மாற்றிக் காட்டியவர். மேக விதைப்பின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1960களில் ஃபார்ம்வார் முறை விமானத்துக்கு ஏற்ப மாறியது. சினிமா ஃபிலிம் போன்ற நீண்ட சுருளில் பிளாஸ்டிக்கைப் பூசி, ஒரு மெல்லிய பிளவுக்குப் பின்னால் அதைத் தொடர்ந்து ஓடவிட்டார்கள். மேகத்துகள்கள் வரிசையாக வந்து பதிந்துகொண்டே போகும். 1964இல் இத்தகைய கருவி ஒன்றை விவரித்த இருவரில் ஒருவர் பால் மெக்ரெடி. பின்னாளில், மனிதன் மிதித்தே பறக்கும் ‘காசமர் காண்டர்’ விமானத்தை 1977இல் பறக்கவிட்டு உலகப் புகழ் பெற்றவரும் அவரேதான்.

இந்தச் சுருள்களில் இரண்டு தொல்லைகள் இருந்தன. சில நிமிடப் பறத்தலில் பதிந்த துகள்களை நுண்ணோக்கியின் அடியில் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அடுத்தது, பெரிய படிகங்கள் ஃபிலிமில் மோதும் வேகத்தில் நொறுங்கிவிடும். இந்த இரண்டாவது தொல்லை வேறு உருவத்தில் பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பி வரும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் தொல்லையைத் தீர்த்தவர் ராபர்ட் நோலன்பர்க். துகளைப் பிடிக்கவே வேண்டாம், அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினால் போதும் என்பது அவருடைய வழி. 1970இல் அவர் அதற்கான ஒரு முறையை வெளியிட்டார். 1972இல் கொலராடோவின் போல்டர் நகரில் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றும் உலகின் மேக ஆராய்ச்சி விமானங்களின் இறக்கைக்கு அடியில் தொங்கும் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

அவற்றில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகை, சின்னத் துளிகளுக்கானது. மெல்லிய லேசர் கதிரை ஒரு துளி கடக்கும்போது ஒளி முன்பக்கமாகச் சிதறும். சிதறும் ஒளியின் அளவிலிருந்து துளியின் விட்டத்தைக் கணக்கிடலாம். அதற்கான கணிதத்தை ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ 1908லேயே எழுதிவைத்துவிட்டார். சுமார் 2 முதல் 50 மைக்ரான் வரை இந்தக் கருவிகள் பார்க்கும். அளவு தெரிந்த நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கதிரின் ஊடே விழவிட்டு இவற்றைச் சரிபார்ப்பார்கள்.

இரண்டாவது வகை, நிழலைப் படிப்பது. முன்னோக்கி நீளும் இரு கரங்களுக்கு இடையே லேசர் ஓடும். எதிர்ப்புறத்தில் வரிசையாக ஒளி உணரிகள் இருக்கும். துகள் குறுக்கே போகும்போது அதன் நிழல் சில உணரிகளை மறைக்கும். விமானம் ஒவ்வொரு 25 மைக்ரான் முன்னேறும்போதும் ஒரு கோடு பதிவாகும்; கோடுகளை அடுக்கினால் துகளின் உருவம் கிடைத்துவிடும். விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தில் இது விநாடிக்கு 40 லட்சம் கோடுகள். விமான வேகத்தைக் கருவிக்குத் தவறாகச் சொல்லிவிட்டால், உருண்டையான துளியும் நீண்ட முட்டை வடிவில் வந்து நிற்கும். பிந்தைய கருவிகளில் 128 உணரிகள், 10 மைக்ரான் துல்லியம். அறுகோணத் தட்டுகள், தூண்கள், கிளைவிட்ட நட்சத்திரங்கள், உயர்மேகங்களுக்கே உரிய தோட்டாக்கொத்து வடிவங்கள் என்று பனிப்படிகங்களின் உருவங்கள் கணினித் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரின் மொத்த அளவை அறிய இன்னும் எளிய கருவி உண்டு. சூடான கம்பிச் சுருளை ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். துளிகள் மோதி ஆவியாகும்போது கம்பி குளிரும். பழைய வெப்பத்துக்குக் கொண்டுவர எவ்வளவு கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டது என்று பார்த்தால் அந்த இடத்தில் இருந்த நீரின் அளவு தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் வாரன் கிங் 1978இல் வெளியிட்ட வடிவமைப்பு இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

பென்சில் முனை அளவு மேகம்

இத்தனை கருவிகள் இருந்தும் அவை பார்ப்பது எவ்வளவு? சிதறல் கருவியின் லேசரில் கணக்கில் கொள்ளப்படும் பரப்பு சுமார் 0.3 சதுர மில்லிமீட்டர். பள்ளிப் பிள்ளைகளின் மைக்ரோடிப் பென்சிலில் போடும் ஈயக்குச்சியின் குறுக்குவெட்டுப் பரப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தத் தடிமனில் ஒரு கோட்டை மேகத்தின் ஊடே இழுத்துக்கொண்டு போகிறது விமானம். விநாடிக்கு 30 கன சென்டிமீட்டர் காற்று. ஒரு மணி நேரம் விடாமல் மேகத்துக்குள்ளேயே 360 கிலோமீட்டர் பறந்தாலும் மொத்தம் 108 லிட்டர். ஒரு கன கிலோமீட்டர் மேகத்திலோ ஒரு லட்சம் கோடி லிட்டர் இருக்கிறது.

நீர்த்துளிகளுக்கு இந்தக் கோடு போதும். கன சென்டிமீட்டருக்கு 300 துளிகள் இருந்தால் விநாடிக்கு 9,000 துளிகள் கதிரைக் கடந்துவிடும். பனிப்படிகம் அப்படி அல்ல. ஒரு லிட்டருக்கு ஒன்றிரண்டு, சில இடங்களில் பத்து, இருபது என்றுதான் இருக்கும். அதனால்தான் பனிக்கு நிழல் கருவிகளை நம்ப வேண்டியிருக்கிறது. அவை விநாடிக்குச் சில லிட்டர் காற்றைப் பார்க்கும். ஒரே விமானத்தில் நான்கைந்து கருவிகளை மாட்டி, ஒன்றின் அளவு எல்லை முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும்படி வைப்பதும் அதனால்தான்.

கருவியே உடைத்த படிகங்கள்

ஒளியைக் கொண்டு அளக்கத் தொடங்கியதும் துகளைத் தொடாமலே அளந்துவிட்டதாகப் பலரும் நம்பினார்கள். ஆனால் லேசரைத் தாங்கும் கரங்கள் இருக்கின்றனவே! பெரிய பனிப்படிகம் ஒன்று விநாடிக்கு நூறு, இருநூறு மீட்டர் வேகத்தில் அந்தக் கரத்தின் முனையில் மோதினால் பல துண்டுகளாகச் சிதறும். துண்டுகளில் சில நேராக லேசருக்குள் போய் விழும். கருவியோ அவை ஒவ்வொன்றையும் மேகத்தில் பிறந்த தனித்தனிப் படிகம் என்று எண்ணிக்கொள்ளும்.

பனிமேகங்களில் சிதறல் கருவிகளின் கணக்கு கெட்டுப்போகிறது என்று 1985லேயே ஓர் ஆய்வு எச்சரித்திருந்தது. ஆனாலும் சந்தேகம் முழுமையாக உறுதிப்படவில்லை. அதற்கு ஒரு நியாயமும் இருந்தது: மேகத்துக்குள் பனி தானாகவே பெருகுவது உண்மைதான். பனி உறைவதற்கு உதவும் துகள்களின் எண்ணிக்கையைவிடப் பனிப்படிகங்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகமாக இருப்பதைப் பல பறத்தல்கள் காட்டியிருந்தன. 1974இல் ஹாலெட், மொசாப் இருவரும் ஆய்வகத்தில் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டார்கள். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரையிலான வெப்பநிலையில், குளிர்நீர்த் துளிகள் பனியின் மேல் மோதி உறையும்போது நுண்ணிய பனிச் சில்லுகள் தெறிக்கின்றன. ஆக, சில்லுகள் மேகத்திலும் உண்டாகும், கருவியிலும் உண்டாகும். எது எதுவென்று பிரிப்பது எப்படி?

ஒரு வழி, நேரத்தைப் பார்ப்பது. மேகத்தில் படிகங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில், ஒழுங்கில்லாமல் பரவி மிதப்பவை. ஒரு படிகம் லேசரைக் கடந்ததற்கும் அடுத்தது வருவதற்கும் இடையே ஓரளவு நேரம் இருக்கும். கரத்தில் மோதி உடைந்த துண்டுகளோ கூட்டமாக வரும். ஒன்றுக்கொன்று இடைவெளி சில மில்லிமீட்டர், அதாவது ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம். வருகை இடைவெளிகளை வரைபடமாகப் போட்டால் இரண்டு மேடுகள் தனித்தனியாகத் தெரியும். ஒன்று மேகத்துடையது, மற்றது கருவியுடையது.

இன்னொரு வழி, கருவியின் முனையையே மாற்றுவது. கனடாவின் சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்த அலெக்சி கொரோலெவ் இதைக் கையில் எடுத்தார். காற்றுச் சுரங்கத்தில் அதிவேகக் கேமராவை வைத்துப் பார்த்தபோது, முனையில் மோதிய பனியின் துண்டுகள் காற்றோட்டத்தையும் மீறிப் பக்கவாட்டில் பல சென்டிமீட்டர் தெறிப்பது தெரிந்தது. துண்டுகளை லேசரிலிருந்து விலக்கித் தள்ளும்படி சரிவான கூர்முனைகளை அவர் வடிவமைத்தார். 2009இல் கனடாவின் கான்வேர்-580 ஆராய்ச்சி விமானத்தில் பழைய முனையும் புதிய முனையும் கொண்ட ஒரே வகைக் கருவிகளை அருகருகே மாட்டி, ஒரே மேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவு துறையையே உலுக்கியது. பழைய கருவிகள் சிறு பனிப்படிகங்களைப் பத்து மடங்கு, சில நிலைமைகளில் அதற்கும் மேலாகக் கூட்டிக் காட்டியிருந்தன.

இதன் விளைவு ஒரு கருவியோடு நிற்கவில்லை. சிறிய படிகங்கள் நிறைந்த மேகம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு வேறு. பெரிய படிகங்கள் கொஞ்சம் இருக்கும் மேகம் அனுப்பும் அளவு வேறு. பருவநிலை மாதிரிகளும் செயற்கைக்கோள் கணக்குகளும் பல பத்தாண்டு விமான அளவீடுகளை ஆதாரமாகக் கொண்டவை. அந்தப் பழைய தரவுகளில் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எழுந்தது. முனையை மாற்றுவது முக்கியமா, நேர இடைவெளியை வைத்து வடிகட்டுவது முக்கியமா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடந்தது. இன்று பொதுவாக இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

இடிமேகத்துக்குள்

கருவிக்கு ஏற்படும் ஆபத்து இது என்றால், விமானத்துக்கு ஏற்படும் ஆபத்து வேறு. குளிர்நீர்த் துளிகள் இறக்கையில் பட்டவுடன் உறைந்து படியும். இடிமேகத்தில் மேலெழும் காற்று விமானத்தைத் தூக்கி எறியும். ஆலங்கட்டி கண்ணாடியை உடைக்கும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சுரங்கத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று, பழைய ராணுவப் பயிற்சி விமானமான டி-28க்குக் கவசம் பூட்டி, 1970களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் ஆலங்கட்டிப் புயல்களுக்குள் அனுப்பி வந்தது. ஆலங்கட்டி உள்ளே எப்படி வளர்கிறது என்பதை நேரில் அளந்த விமானம் அது.

பயணிகள் விமானத்துக்கும் மேகத்துகள் ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பை 2009 ஜூன் 1 கொடூரமாக நினைவூட்டியது. ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக்கின் மேல் மேகக்கூட்டங்களைக் கடக்கையில் அதன் வேகமானிக் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன. வேகக் கணக்கு தவறியது. தானியங்கி ஓட்டம் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு விமானிகளால் கட்டுப்பாட்டை மீட்க முடியவில்லை. 228 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்பிருந்தே வெப்பமண்டல இடிமேகங்களின் உச்சிப் பகுதியில் ஜெட் எஞ்சின்கள் திடீரென விசை இழக்கும் சம்பவங்கள் பதிவாகிவந்தன. அங்கே ரேடாரில் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறிய படிகங்கள் அடர்த்தியாக இருக்கின்றன.

எவ்வளவு அடர்த்தி? அதை அறியத்தான் 2014இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் 2015இல் பிரெஞ்சு கயானாவின் கயேனிலும் பன்னாட்டுக் குழுக்கள் பறந்தன. பிரான்சின் ஃபால்கன்-20, கனடாவின் கான்வேர்-580 ஆகியவை, பயணிகள் விமானங்கள் தவிர்க்கும் மேகங்களுக்குள் வேண்டுமென்றே புகுந்தன. எஞ்சின்கள் எவ்வளவு பனியைத் தாங்க வேண்டும் என்று புதிதாக வகுக்கப்பட்ட சான்றிதழ் விதிகளைச் சோதிக்க அந்த அளவீடுகள் பயன்பட்டன.

இந்திய வானில்

1999 பிப்ரவரி, மார்ச்சில் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வுக்கு நோபல் விஞ்ஞானி பால் குருட்சனும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும் தலைமை தாங்கினார்கள். மாலத்தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்காவின் சி-130 விமானம், தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவும் மாசுப் படலத்துக்குள்ளும், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள சுத்தமான காற்றிலும் ஒரே மாதிரி அளவீடுகளைச் செய்தது. மாசுள்ள பகுதியின் சிறு மேகங்களில் துளிகளின் எண்ணிக்கை தெளிவாகவே அதிகம். 2006 மார்ச்சில் ராமநாதன் குழு மாலத்தீவில் ஆளில்லாச் சிறு விமானங்கள் மூன்றை மேகத்துக்குக் கீழே ஒன்று, உள்ளே ஒன்று, மேலே ஒன்று என ஒரே நேரத்தில் பறக்கவிட்டது.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009இல் கைபெக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கருவிகள் பொருத்திய பைப்பர் ஷையென் விமானம் பதான்கோட், ஹைதராபாத், பெங்களூரு உள்ளிட்ட தளங்களிலிருந்து, கோடையின் இறுதியிலும் பருவமழைக் காலத்திலும் பறந்தது. மாசு கலந்த காற்றில் பிறந்த மேகங்களில் துளிகள் அதிகம், உருவம் சிறியது. அவற்றில் மழை தொடங்க மேகம் இன்னும் உயரமாக வளர வேண்டியிருந்தது. துளிகளின் செயலூக்க ஆரம் (ஒரு வகைச் சராசரி ஆரம்) 14 மைக்ரான் அளவை எட்டும் உயரத்தில்தான் மழை பிடிக்கத் தொடங்கும் என்ற கணிப்புக்கும் அந்தத் தரவுகள் வலுச்சேர்த்தன. அரபிக்கடலிலிருந்து பருவக்காற்று வந்ததும் நிலைமை மாறும். துளிகள் குறையும், பருக்கும், தாழ்வான மேகமே பொழிந்துவிடும்.

சோலாப்பூர் பறத்தல்கள் இந்தத் திட்டத்தின் நான்காம் கட்டம். மொத்தம் 276 மேகங்கள் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டன; அவற்றில் சிலவற்றில் உப்பு தூவினார்கள், சிலவற்றை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டார்கள். 2023இல் வெளியான முடிவுப்படி, தூவிய இடத்திலிருந்து காற்று வீசும் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 சதவீதம் மழை கூடியது. எல்லா மேகமும் விதைப்புக்கு ஏற்றது அல்ல என்பதையும் திட்டக் குழு சேர்த்தே சொன்னது. தகுந்த மேகம் எது என்பதைத் துளி அளவுகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அளவீட்டு முறைகளும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையத்தின் விமானத்தில் பறந்த ஒளிமுப்பரிமாணக் கருவி, லேசரின் ஒரே துடிப்பில் பத்துக்கும் மேற்பட்ட கன சென்டிமீட்டர் காற்றில் உள்ள அத்தனை துளிகளின் இடத்தையும் அளவையும் பதிவு செய்கிறது. அதைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, மேகத்தின் விளிம்பில் துளிகளின் அடர்த்தி சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளேயே சடாரென்று மாறுவதைக் காட்டியது. கோடாகப் பார்க்கும் கருவிகளின் சராசரிக் கணக்கில் இந்த மாற்றம் மறைந்துபோயிருந்தது.

விமானத்தால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. அது ஒரு மேகத்தைக் கடக்கச் சில விநாடிகளே ஆகும். திரும்பி வருவதற்குள் அந்த மேகம் வேறாகியிருக்கும். அதே துளி அடுத்த பத்து நிமிடத்தில் என்ன ஆனது என்று பின்தொடர வழியில்லை. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 2,000 கோடி ரூபாய் ‘மிஷன் மௌசம்’ திட்டத்தின் கீழ், புனே நிறுவனத்தில் மேக அறை ஒன்று அமையவிருக்கிறது. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தூசுத்துகள்களையும் விரும்பியபடி வைத்து, மூடிய அறைக்குள் மேகத்தை உருவாக்கி, துளிகள் வளர்வதைத் தொடர்ந்து பார்க்கலாம். சோலாப்பூர் வானில் விமானம் சில விநாடிகள் மட்டும் பார்த்த துளிகளின் கணக்கை, அங்கே வளரும் துளிகளோடு வைத்து ஒப்பிட முடியும்.